.32 பழகின கைக்கு .44 மேக்னம்: உதையை எப்படிச் சமாளிப்பது?

கொக்கிரகுளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசியில் டெக்சாஸில் இருக்கிற மக வீட்டுக்குப் போறேன். மருமகன் அங்கே ஒரு ரேஞ்சில் மேக்னம் (மருந்து கூட அடைச்ச பலத்த தோட்டா) ரிவால்வர் சுட ஏற்பாடு பண்ணி வச்சிருக்கார். ரெண்டு துப்பாக்கி: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29, .44 மேக்னம், ஆறரை அங்குலக் குழல். இன்னொண்ணு அதைவிடப் பெரிய .500 மேக்னம் போடுற மாடல் 500.

எனக்குப் பழக்கம் லைசென்ஸில் இருக்கிற கான்பூர் .32 மட்டும்தான். வயசு 61. வலது பெருவிரல் அடி மூட்டில் லேசான தேய்மானம் உண்டு. எப்படிப் பிடிக்கணும், எப்படி நிக்கணும், எத்தனை தோட்டாவோட நிறுத்தணும், போறதுக்கு முன்னாடி இங்கேயே என்ன பழகலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பொருநைக்கரை:

அண்ணாச்சி, முதல்ல கணக்கைப் பாத்துருவோம். .32 பழகின கை .44-ஐயும் "இதைவிடக் கொஞ்சம் கூட" என்று நினைச்சுத்தான் பிடிக்கும். அடிபடுவது அதனாலதான்.

குண்டின் எடையும் வேகமும், எரிஞ்ச மருந்து வாயுவின் எடையும் வேகமும் சேர்ந்து எவ்வளவு உந்தத்தோட முன்னால போகுதோ, அவ்வளவும் துப்பாக்கி வழியா உங்க கைக்குத் திரும்பி வரும். துப்பாக்கி கனமா இருந்தா பின்னால வர்ற வேகம் குறையும். கணக்குப் போட்டா தோராயமா இப்படி:

.32-ல் 98 கிரெய்ன் (15 கிரெய்ன் சுமார் ஒரு கிராம்) குண்டு, விநாடிக்கு 700 அடி. 700 கிராம் ரிவால்வரில் உதை ஒண்ணரை ஜூல்.
.38 ஸ்பெஷல், 1.1 கிலோ ரிவால்வரில்: 3 ஜூலுக்குக் கொஞ்சம் கம்மி.
அதே ரிவால்வரில் .357 மேக்னம், 158 கிரெய்ன், 1,235 அடி: 9 ஜூல்.
மாடல் 29 எடை 1.36 கிலோ. அதில் .44 ஸ்பெஷல் (அதே குழலில் போகிற மெதுவான தோட்டா) போட்டா 5 ஜூல், 240 கிரெய்ன் மேக்னம் 1,300 அடியில் போட்டா 18 ஜூல்.
மாடல் 500, 2 கிலோ எடை, 350 கிரெய்ன் குண்டு 1,600 அடியில்: 40 ஜூல். குழல் முனையில் உள்ள பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்புற துளைகள்) இதில் ஒரு பங்கைத் தின்னும், ஆனா பக்கத்தில் நிக்கிறவங்க காதுக்குச் சத்தம் கூடும்.

உங்க .32-க்கும் மாடல் 29-க்கும் நடுவுல பன்னிரண்டு மடங்கு. இன்னொண்ணு: 700 கிராம் எடையில் .44 மேக்னம் ரிவால்வரும் உண்டு. அதில் இதே தோட்டா 35 ஜூல் உதைக்கும். "லேசா இருக்கே, இதைச் சுடுங்க" என்று யாராவது நீட்டினா வாங்காதீங்க. இந்த விஷயத்தில் கனம்தான் நமக்கு நல்லது.

இந்த உதையைத் தடுத்து நிறுத்த முடியாது. அது எந்த வழியா உடம்புக்குள்ள போகணும் என்பதை மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும். பிடியும் நிற்பும் எல்லாம் அதுக்குத்தான்.

குழல் கைக்கு மேலே இருக்கு. அதனால துப்பாக்கி நேரா பின்னால வராம, கை அச்சு மாதிரி இருந்து, மூக்கு மேலே தூக்கும். குழலுக்கும் கைக்கும் இடைவெளி எவ்வளவு குறையுதோ அவ்வளவு தூக்கலும் குறையும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உள்ள கவையை, பிடியின் பின்பக்கம் மேல உள்ள கொண்டைக்கு நேர் கீழே வரைக்கும் ஏத்தி வைங்க. கொண்டைக்கு மேல போனா ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியல்) கவையில் குத்தும். கீழே இறங்கிப் பிடிச்சா முதல் வெடியிலேயே கொண்டை வந்து கவையில் மோதும். தோல் உரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது நேர்கோடு. மேல இருந்து பாத்தா குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரணும். விரல் விசைக்கு எட்டலைன்னு துப்பாக்கியைக் கையில் திருப்பிப் பிடிச்சா, உதை முழுக்கப் பெருவிரலின் அடி மூட்டில் வந்து விழும். உங்களுக்குத் தேய்மானம் உள்ள அதே இடம். பிடி பருமனா இருந்து விரல் எட்டலைன்னா அந்தத் துப்பாக்கி உங்க கைக்கு ஆகாது. மெல்லிய பிடி மாத்தித் தரச் சொல்லுங்க.

வலது கை பிடியை முன்னாலிருந்து பின்னால அழுத்தணும். இடது கை ரெண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கணும், பாக்குவெட்டி பாக்கை நெருக்குற மாதிரி. பலத்தில் பாதிக்கு மேல இடது கையில் இருக்கட்டும். வலது கையை இறுக்கிப் பிழிஞ்சா விசை விரலும் சேர்ந்து விறைச்சுப் போகும். மம்பட்டிக் கணையைத் தொளதொளன்னு பிடிச்சு வெட்டினா உள்ளங்கை கொப்பளிக்கும், ஒரேயடியா முறுக்கிப் பிடிச்சா அரை மணி நேரத்தில் கை நடுங்கும். நாள் முழுக்க வெட்டுறவன் பிடி ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். அந்தப் பிடிதான் இங்கேயும் வேணும்.

இனி பெருவிரல். யூட்யூபில் பிஸ்டல் சுடுறவங்க ரெண்டு பெருவிரலையும் முன்னால நீட்டி வைப்பாங்க. ரிவால்வரில் அது கூடவே கூடாது. தோட்டா அடைக்கிற சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல உள்ள மயிரிழை இடைவெளியில் சுடுவாயு பக்கவாட்டில் பீச்சும். .44-ல் சதையைக் கிழிக்கும். .460, .500 மாதிரி பெரிய மேக்னமில் விரலே போயிடும். வலது பெருவிரலை கீழ்நோக்கி மடக்கி, இடது பெருவிரலை அது மேல போட்டுப் பூட்டுங்க. இடது ஆள்காட்டி விரல் விசைக்காப்புக்கு அடியில்தான் இருக்கணும், முன்னால போகக் கூடாது. மேசையில் மணல்மூட்டை வச்சுச் சுட்டாலும் அந்த இடைவெளிக்கு நேரா கை, துணி எதுவும் வேண்டாம்.

நிற்பு: கால் தோள் அகலம், இடது கால் அரை அடி முன்னால, மூக்கு கால்விரல் நுனிக்கு நேரா வர்ற அளவு உடம்பு முன்சாய்வு. புதுசா சுடுறவங்க பயத்தில் பின்னால சாய்வாங்க. அப்படிச் சாய்ஞ்சா உதை ஆளையே தள்ளும். முழங்கையைப் பூட்டாம லேசா மடக்கி வைங்க, மணிக்கட்டை மட்டும் பூட்டுங்க. வெடிச்சதும் ரெண்டு கையும் முழங்கையிலிருந்து ஒண்ணா மேலே போய் ஒண்ணா இறங்கணும். மணிக்கட்டு மடங்கினா துப்பாக்கி நெத்தியைத் தேடி வரும்.

---

சிந்துபூந்துறை:

அண்ணாச்சி, மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லியிருக்கணும். அதை நான் சொல்லுதேன், தயவுசெஞ்சு மறந்துராதிய.

முதல் தடவை சிலிண்டர்ல ஒத்தத் தோட்டாதான். மாடல் 29-ஆ இருந்தாலும் சரி, 500-ஆ இருந்தாலும் சரி.

ஏன்னு கேட்டியன்னா, பெரிய மேக்னம் உதைக்கையில துப்பாக்கி கையை விட்டு நழுவப் பாக்கும். கை தன்னால இறுக்கிப் பிடிக்கும். அப்போ விசை விரலும் சேர்ந்து இறுகும். மூக்கு மேல தூக்கி நிக்கிற நேரத்தில ரெண்டாவது தோட்டா வெடிச்சிரும். சுட்டவங்களுக்கே தெரியாது, ஒரு சத்தம்தான் கேட்டுச்சும்பாங்க. அந்த ரெண்டாவது குண்டு கூரைக்குப் போகலாம், இல்லன்னா பின்னால வளைஞ்சு வந்த துப்பாக்கியில இருந்து தலைக்கே வரலாம். இப்படி உயிர் போயிருக்கு. சிலிண்டர்ல ரெண்டாவது தோட்டா இல்லன்னா இந்த விபத்துக்கு வழியே இல்ல.

ஒத்தத் தோட்டாவை எந்த அறையில போடணும்? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர் டபுள் ஆக்‌ஷன் (விசையை இழுத்தாலே ஹேமரும் பின்னால போற வகை) ரெண்டுலயும் சிலிண்டர் சுடுறவங்க பக்கமிருந்து பாத்தா இடப்பக்கமாச் சுத்தும். அதனால மூடும்போது குழலுக்கு நேரா உள்ள அறைக்கு வலது பக்கத்து அறையில தோட்டா இருக்கணும். ஹேமரைப் பின்னால இழுத்தா அது சரியா நேருக்கு வரும். கோல்ட் டபுள் ஆக்‌ஷன் நேர் எதிரா, வலப்பக்கமாச் சுத்தும்.

ஒத்தையா ஆறு சுட்டு, ஆறுலயும் பிடி குலையாம விசை விரல் அசையாம இருந்தா ரெண்டு போடுங்க. அதுக்கு அப்புறம்தான் முழுசு. மருமகப்பிள்ளை பின்னால நிக்கட்டும், ஆனா கையைத் தாங்குதேன்னு வந்து பிடிக்க வேண்டாம். துப்பாக்கி எந்தப் பக்கம் போகும்னு அப்போ ரெண்டு பேருக்குமே தெரியாது.

500-ஐப் பத்தி என் கருத்து: பாருங்க, தூக்கிப் பாருங்க, படம் எடுத்துக்கிடுங்க. சுட வேண்டாம். 2003-ல வந்த அந்தத் தோட்டா பெரிய மிருக வேட்டைக்குன்னு செஞ்சது. பெருவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள கைக்கு அதுல ஒரு நன்மையும் கிடையாது. மாடல் 29 போதும்.

வரிசை இப்படி வச்சுக்கிடுங்க: .44 ஸ்பெஷல் பன்னிரண்டு. .44 மேக்னம் துப்பாக்கியில அது தாராளமாப் போகும், ஆனா .44 ஸ்பெஷல் துப்பாக்கியில மேக்னம் போகாது. பிறவு சிலிண்டர் அறையில பிரஷ் ஒரு இழுப்பு. ஸ்பெஷல் கூடு நீளம் கம்மி, அது விட்டுப்போற கரி வளையத்தில நீளமான மேக்னம் கூடு சிக்கும். அப்புறம் மேக்னம் ஆறு, உடம்பு ஒத்துக்கிட்டா இன்னொரு ஆறு. தூரம் ஏழு கெஜத்துக்கு மேல வேண்டாம். தாள் பெருசா இருக்கட்டும்.

---

வண்ணார்பேட்டை பிசியோ:

கொக்கிரகுளம் சார், கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெருவிரல் அடி மூட்டுத் தேய்மானம் என்றால், உங்களுக்கு எண்ணிக்கைதான் மருந்து. ஒரு நாளைக்கு மேக்னம் ஆறு, அதற்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன இரண்டாவது ஆறை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையை உதறுங்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் மரத்துப்போவது போலவோ மின்சாரம் பாய்வது போலவோ இருந்தால், அது மணிக்கட்டு நடுவில் போகும் நரம்பு நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கு அத்தோடு முடித்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டுதானே மிச்சம்" என்று நினைக்க வேண்டாம். கை நடுங்கத் தொடங்கினாலும் அப்படியே. வீடு வந்து வீங்கினால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். உதையில் மோதிரம் பக்கத்து விரலை வெட்டும், விரல் வீங்கினால் கழற்றவும் வராது. கையில் கட்டிய கயிறும் அப்படித்தான்.

ஐப்பசிக்குள் ஆறு வாரம் இருந்தால் இவற்றைச் செய்யுங்கள், வாரத்துக்கு நான்கு நாள். ஈரத் துண்டை இரண்டு கையாலும் பிழிவது, வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கி இறக்குவது, உள்ளங்கை மேலே பார்த்து பன்னிரண்டு, கீழே பார்த்து பன்னிரண்டு. ஐந்து விரல் நுனியையும் ஒரு ரப்பர் பேண்டுக்குள் விட்டு விரிப்பது இருபது. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். பிடிக்கும் தசையை மட்டும் வளர்த்து விரிக்கும் தசையை விட்டால் முழங்கை வெளிப்பக்கம் வலி வரும்.

தோளுக்கு: ஒன்றரை லிட்டர் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து பத்து விநாடி, ஐந்து முறை. தோட்டா நிரப்பிய மாடல் 29 கிட்டத்தட்ட அந்த எடைதான் வரும். சுடுவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிடுங்கள். அண்மையில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தால் கண் டாக்டரிடம் கேட்காமல் சுட வேண்டாம்.

---

கொக்கிரகுளத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 500 வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிட்டேன். நாலு சந்தேகம் பாக்கி. கையுறை போடலாமா? மருமகன் வீட்டிலேயே தோட்டா ரீலோட் பண்ணுவாராம் (சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் திரும்ப அடைக்கிறது), அதைச் சுடலாமா? வெடிக்கும்போது கண்ணைச் சிமிட்டுற பழக்கம் .32-லேயே உண்டு, அதுக்கு என்ன வழி? டூரிஸ்ட் விசாவில் போறவங்க அங்கே துப்பாக்கி தொடலாமா?

---

தேரிக்காடு:

ரீலோட் கேள்விக்கு: சார், முதல் நாள் கம்பெனித் தோட்டா மட்டும். மருமகன் கைவேலை சுத்தமாகவே இருக்கலாம், ஆனால் உதை உங்கள் கையை மட்டும் அடிப்பதில்லை, சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களையும் அடிக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் துள்ளும்போது, சுடாத தோட்டாவின் கூடு கூடவே பின்னால் வரும், கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் குண்டின் வரிப்பள்ளத்தில் நன்றாக மடங்கிப் பிடித்திருக்காவிட்டால், குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். நாலாவது ஐந்தாவது வெடியில் அது சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். சிலிண்டர் சுற்றாது, சில சமயம் திறக்கவும் வராது. உள்ளே உயிருள்ள தோட்டாவோடு பூட்டிக்கொண்ட துப்பாக்கி கையில் இருப்பதை விட மோசமான நிலை ரேஞ்சில் கிடையாது. அப்படி ஆனால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள், நீங்களாக நெம்ப வேண்டாம்.

கனமான குண்டிலும் லேசான துப்பாக்கியிலும் இது அதிகம். 

பின்னொரு நாள் ரீலோட் சுடுவதாக இருந்தால் சோதனை எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். .44 மேக்னமுக்கு உச்ச அளவு 40.9 மில்லிமீட்டர். அதைச் சிலிண்டரில் விட்டு மற்ற ஐந்தைச் சுடுங்கள். வெளியே எடுத்துத் திரும்ப அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.

இரண்டு சத்தங்களைப் பழகிக்கொள்ளுங்கள். "டிக்" மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கில் வைத்தபடி முப்பது விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கலாம். "புஸ்" என்று உதை இல்லாமல் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். சிலிண்டரைக் காலி செய்து குழலுக்குள் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

சுடச் சுட திருகுகளும் தளரும். ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் ஒரு முறை பக்கத் தகட்டுத் திருகுகளையும் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். கம்பி தளர்ந்து முன்னால் வந்தாலும் சிலிண்டர் திறக்காது. ஸ்மித்தில் அதற்கு இடது மரை, வழக்கமான பக்கம் திருகி இறுக்கப் பார்த்தால் கழன்றுகொண்டு வரும்.

---

பொருநைக்கரை:

கையுறை போடலாம் அண்ணாச்சி. உள்ளங்கையிலும் கவையிலும் மட்டும் மெத்தை வச்ச, விரல் நுனி இல்லாத சன்னமான வகை. தடிமனான கையுறை விரலை விசைக்காப்புக்குள் சிக்க வைக்கும். பிடியின் பின் இரும்பை முழுசா மூடுற ரப்பர் பிடி கிடைச்சா கையுறையே வேண்டாம். அழகான மரப்பிடி பலதில் பின்பக்க இரும்பு வெறுமையா இருக்கும், உதை எலும்புக்கு நேரா வரும்.

சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு வெடிக்கும் ஹேமரைக் கையால இழுக்கிற வகை) ரிவால்வர் ஏதாவது நீட்டினா பிடியை மாத்துங்க. அந்தக் கலப்பைப் பிடி கையில் உருளுறதுக்குன்னே வளைச்சது. சுண்டுவிரலை அடியில் மடக்கி உருள விடணும். அந்த வகையில் ரூகரோட பழைய சூப்பர் பிளாக்ஹாக்கில் விசைக்காப்பின் பின்பக்கம் சதுரமா இருக்கும், நடுவிரல் கணுவைச் சரியாகக் கொத்தும்.

கண் சிமிட்டுவது: அதுக்கு முதல் காரணம் சத்தம், அப்புறம்தான் உதை. .44 மேக்னம் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். காதுக்குள்ள நுரைச் செருகி, அது மேல காதை மூடுற மஃப், ரெண்டும் சேர்த்துப் போடுங்க. பாதிச் சிமிட்டல் அங்கேயே போயிடும். மீதிக்கு: மருமகனிடம் கொடுத்து உங்களுக்குத் தெரியாம சிலிண்டரில் ரெண்டு உயிர்த் தோட்டா, நாலு காலிக் கூடு கலந்து போடச் சொல்லுங்க. ஒத்தத் தோட்டாப் படியைத் தாண்டின பிறகு, .44 ஸ்பெஷலில் மட்டும். காலிக் கூட்டில் விசை விழும்போது முன்குறி கீழே முங்கினா, நீங்க உதை வர்றதுக்கு முன்னாடியே எதிர்த்துத் தள்ளுறீங்க. வலது கைக்காரர் தாளில் குண்டு இடப்பக்கம் கீழே கூடினாலும் அதே கதைதான். முன்குறி அசையாம ஆறு "டிக்" வர்ற வரைக்கும் மேக்னமுக்குப் போக வேண்டாம்.

அதை இங்கேயே உங்க .32-ல் ஆரம்பிக்கலாம். தோட்டா எல்லாத்தையும் வேற அறையில் பூட்டி வச்சுட்டு, அறை ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்து விரலால தொட்டு, டம்மித் தோட்டா போட்டு, கெட்டியான சுவரைப் பாத்து. முன்குறி மேல ஒரு பத்துப் பைசாவை வச்சு, அது விழாம விசை இழுக்கப் பழகுங்க. நாளைக்கு இருபது போதும்.

இன்னொரு விஷயம், தாளில் பாத்துக் குழம்பாதீங்க: கனமான, மெதுவான குண்டு தாளில் மேல போய் விழும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்னாடியே மூக்கு தூக்க ஆரம்பிச்சிருக்கும், மெதுவான குண்டு அதிக நேரம் குழலுக்குள் இருக்கும். தப்பு உங்க மேல இல்ல, குறியைத் திருத்த வேண்டாம்.

விசா: இதைக் கட்டாயம் கவனியுங்க. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி டூரிஸ்ட் விசா மாதிரி குடியேறாத விசாவில் போனவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. விதிவிலக்குகளில் ஒண்ணு, அந்த நாட்டு மாநிலம் ஏதாவது கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். வெளியூர்க்காரங்களுக்கும் கொடுப்பாங்க. மருமகன் அதை முதல்ல எடுத்துக் கொடுக்கட்டும், அந்தத் தாளும் பாஸ்போர்ட்டும் ரேஞ்சில் கையில் இருக்கட்டும். இங்கே உள்ள உங்க ஆயுத லைசென்ஸுக்கு அங்கே மதிப்பு கிடையாது.

திரும்பி வரும்போது, ரேஞ்சுக்குப் போட்டுட்டுப் போன சட்டை, பேன்ட் பை, தோள்பை எல்லாத்தையும் உதறிப் பாத்துட்டுப் பெட்டி கட்டுங்க. ஒரே ஒரு தோட்டா பையின் மூலையில் கிடந்து ஸ்கேனரில் தெரிஞ்சாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ஞாபகத்துக்குன்னு காலிக் கூடு கூட எடுத்துட்டு வர வேண்டாம், துளை போட்ட தாள் போதும். ஈயம் கையில் ஒட்டியிருக்கும், ரேஞ்சை விட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் பேரப்பிள்ளையைத் தூக்கணும்.